ரொண்டெகாட் ஆறு சாகவில்லை

"செடர்பெர்க் மலையில் அரசே ஆற்றில் விஷம் ஊற்றி அபூர்வ மீன்களை அழித்துவிட்டது." கேப் டவுன் தமிழ்க் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

2012-இல் தென்னாப்பிரிக்காவின் அந்த மலையில் ஓடும் ரொண்டெகாட் ஆற்றின் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்துக்கு ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்து விட்டது உண்மை. இது அவரைக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றின் வேரில் கிடைப்பது. செவுள் வழியே மீனுக்குள் போய் மூச்சை நிறுத்திவிடும். ஆனால் குறிவைத்தது வட அமெரிக்காவிலிருந்து தூண்டில்காரர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட பாஸ் மீனை. கிளான்வில்லியம் அணையிலிருந்து மேலேறிய பாஸ், அங்கிருந்த சிறு மீன்களை விழுங்கித் தீர்த்திருந்தது. அருவி ஒன்று பாஸை மறித்ததால், அதற்கு மேலே மட்டும் அவை பிழைத்திருந்தன. ஒலிஃபண்ட்ஸ்-டோரிங் ஆற்றுப்படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, நெருப்புச் சிவப்புத் துடுப்புள்ள குட்டி மீனும் அவற்றில் ஒன்று.

கீழ்ப்பகுதியில் மருந்தின் வீரியத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு முறித்தார்கள். 2013-இல் இன்னொரு முறை மருந்து விட்டார்கள். நீர்ப்பூச்சிகளும் பாதிக்கப்பட்டன, அதை மறைக்க வேண்டியதில்லை. அவை மீண்டு வந்தன. பாஸ் ஒழிந்தது, உள்ளூர் மீன்கள் அருவிக்குக் கீழேயும் பரவிப் பெருகின. எனக்கு இதைவிட நல்ல சேதி அந்த மலையில் வேறில்லை.

அதே மலையின் ட்வீ ஆற்றுச் செந்துடுப்பு மீனுக்கு ஆபத்து இன்னும் நீங்கவில்லை. அங்கே வெளிநாட்டு மீன்களோடு, இந்நாட்டின் வேறு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவையும் அதை நெருக்குகின்றன.