மேல் டிவிசன் எங்கே போனது?

தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி என்கிற பராமீட்டரை, அதாவது சேவையிடம் கேட்கும்போது நாம் கொடுக்கும் மதிப்பை, கொண்டுபோய் யூஆர்எல் பாதையின் நடுவில் வைக்கிறார்களே, அவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறைக் கணக்கைத் தரும் சேவை ஒன்று எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. எழுதிவைத்துப் போன புண்ணியவான் தோட்டம், டிவிசன் (மேல் டிவிசன் போன்ற தோட்டப் பிரிவு), திகதி என்று பாதையை அடுக்கியிருக்கிறார். டிவிசன் கட்டாயமில்லையாம். அதை விட்டுவிட்டுக் கேட்டால் திகதி ஒரு படி முன்னால் வந்து டிவிசனின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. '2024-05-12' என்றொரு டிவிசனைத் தேடிப் பார்த்துவிட்டு, வெறும் பட்டியலை 'எல்லாம் சரி' என்னும் 200 பதிலோடு அனுப்புகிறது. 'அப்படி ஒன்று இல்லை' என்னும் 404 வந்திருந்தாலாவது ஏதோ பிழை என்று தெரிந்திருக்கும். கணக்கப்பிள்ளையோ கொழுந்தே வரவில்லை என்று நினைக்கிறார்.

ஜாவாவில் சேவை எழுத உதவும் ஸ்பிரிங்கில், யூஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின் வரும் பராமீட்டருக்கு டிஃபால்ட் மதிப்பை, அதாவது தராதபோது எடுத்துக்கொள்ள வேண்டியதை, ஒரே வரியில் கொடுத்துவிடலாம். பாதையில் வரும் மாறிக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு பாதைகளை எழுதி, இல்லாததை நாமே நிரப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதே வேலைக்கு உள்ள எக்ஸ்பிரஸ் 5-இல், பாதை மாறி கட்டாயமில்லை என்று காட்டும் பழைய கேள்விக்குறி எழுத்துமுறையையே எடுத்துவிட்டார்கள், இப்போது நெளிவு அடைப்புக்குறி.

அப்புறம் அந்த டிஃபால்ட் திகதி. 'இன்று' என்று போட்டிருக்கிறார், சர்வரோ உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகிறது. நமக்கு விடிகாலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு நேற்றுத்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு முன்னால் திறந்து பார்ப்பவருக்கு நேற்றைய நிறை இன்றைய கணக்காகத் தெரியும். மாற்றலாம் என்றால், பழைய செயலி உடைந்துவிடுமாம், தொடக்கூடாதாம்.