அந்தச் சதுரப் பட்டுத்துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை வான்வ் சந்தைக்குப் போயிருந்தேன். பாரிஸின் தெற்கு ஓரத்தில், 13ஆம் எண் மெட்ரோவில் இறங்கினால் சனி, ஞாயிறு காலைகளில் நடைபாதை நெடுகக் கடை விரித்திருக்கும் பழம்பொருள் சந்தை அது. ஒரு மேசையில், எர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய பட்டு ஸ்கார்ஃப் ஒன்று கிடந்தது. நான் கை நீட்டுவதற்குள் ஓர் இளைஞர் விலை பேசி முடித்துவிட்டார். வாங்கியவர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த நிறுவனம் ஸ்கார்ஃபை வைத்துத் தரும் ஆரஞ்சுப் பெட்டி உண்டா என்று கேட்டார். பெட்டியின் மூலைகள் நசுங்காமல் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார். நாலைந்து படங்கள் எடுத்தார், மூடினார். “அலமாரியில் இரண்டு வருடம் கிடக்கட்டும், விலை ஏறிவிடும்” என்று கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை. பழைய ஸ்கார்ஃப்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் “வாங்கிப் போட்டால் லாபம் வருமா?” என்று உள்பெட்டியில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபது வருடங்கள் ஆகின்றன. முதல் ஸ்கார்ஃபை 60 யூரோ கொடுத்து வாங்கினேன். ஒரு மூலையில் காப்பிக் கறை, ஓரத்தில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தையல் விட்டிருந்தது. புதிதாகக் கடையில் வாங்கினால் இன்று 400 யூரோவுக்கு மேல். வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தபோது, என் அம்மா கூறைப்புடவையை எடுத்து விரிக்கும்போது கேட்கும் அதே சரசரப்பு கேட்டது. அன்று பிடித்த பைத்தியம்தான் இது.

இங்கே இதை ‘கரே’ என்கிறார்கள். பிரெஞ்சில் சதுரம் என்று பொருள். பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர். எர்மெஸ் 1837இல் குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம். சரியாக நூறு வருடம் கழித்து, 1937இல்தான் முதல் கரே வந்தது. குதிரை பூட்டிய பழைய பொதுவண்டிகளை வைத்து ஆடிய ஒரு பலகை விளையாட்டை எடுத்துப் பட்டில் அச்சிட்டார்கள். அந்த ஆரஞ்சுப் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தட்டுப்பாட்டில் வழக்கமான வெளிர்நிற அட்டை கிடைக்கவில்லை, கையில் கிடைத்த ஆரஞ்சு அட்டையில் பெட்டி செய்தார்கள். இன்று அந்த வெற்றுப் பெட்டியைக்கூடக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வேறு வழியில்லாமல் வந்த அட்டைக்கு இருக்கிற மதிப்பு உள்ளே இருக்கும் துணிக்கு இல்லாமல் போவது என்ன நியாயம்?

துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் நூல் மூலைவாட்டில் ஓடுவது தெரியும். ட்வில் நெசவு அது. கழுத்தில் முடிச்சுப் போட்டால் வழுக்காமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு நிறத்துக்கும் மெல்லிய வலை கட்டிய தனித்தனிச் சட்டம் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடுகிறார்கள். ஒரே ஸ்கார்ஃபில் முப்பது, நாற்பது நிறங்கள்கூட இருக்கும். ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரித்து வரைவதற்கே ஒருவருக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். ஒரு சட்டம் மயிரிழை நகர்ந்தாலும் குதிரையின் கண் கன்னத்துக்கு வந்துவிடும்.

ஆனால் என் கண் முதலில் போவது ஓரத்துக்குத்தான். நம் ஊரில் சேலைக்குப் பீக்கோ அடிப்பதுபோல மெஷினில் ஓட்டுவது இல்லை. விரல் நுனியால் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி, ஊசியால் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். நான்கு பக்கமும் சேர்த்தால் 3 மீட்டர் 60 சென்டிமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் ஓரத்தை முன்பக்கம் பார்த்துச் சுருட்டுவார்கள். அதனால் துணியின் நல்ல பக்கத்தில், உருண்டு திரண்ட நூல்கயிறு மாதிரி அது எழும்பி நிற்கும். தட்டையாக, மெஷின் தையலோடு ஓரம் இருந்தால் ‘அசல்’ என்று எத்தனை சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். இது தெரியாத காலத்தில் நானும் ஒரு போலியை வாங்கிவிட்டு இரண்டு இரவு அழுதிருக்கிறேன்.

இந்த ஓரத்தைப் பற்றி இன்னொரு வருத்தமும் உண்டு. 1957இல் ஹுகோ கிரிக்கார் என்ற ஓவியர் வரைந்த ‘பிரீத் த காலா’ ஓவியம் அச்சிட்ட ஸ்கார்ஃப் என்னிடம் ஒன்று இருக்கிறது. விழாக் காலத்தில் குதிரைக்கு மாட்டும் தலைக்கச்சைகள், வார்கள், பொன்னிறக் கொக்கிகள் என்று கண்கொள்ளாத வேலைப்பாடு. அந்த ஓவியத்தைப் பிறகு எத்தனையோ முறை புதுப்புது நிறங்களில் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே ஓவியத்தின் வருடத்தை வைத்துத் துணியின் வயதைச் சொல்லிவிட முடியாது, விற்பவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த ஸ்கார்ஃபை ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நான்கு ஓரமும் இஸ்திரிப் பெட்டியில் நசுங்கிக் காகிதம்போல் ஆகியிருந்தன. யாரோ ஒரு பெண் மணிக்கணக்காக விரல் வலிக்கச் சுருட்டியது ஒரு நிமிடத்தில் போய்விட்டது. பட்டுக்கு இஸ்திரி போடும்போது ஓரத்தைத் தொடவே கூடாது. யாரிடம் கொடுத்தாலும் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

விலை கூடுதல், வீண் ஆடம்பரம் என்று என் உறவினர்கள் கோபித்துக்கொள்வதும் உண்டு. அவர்களுக்கு நான் லியோன் நகரத்தைக் காட்டுவேன். இந்தப் பட்டு அச்சாவது அந்த ஊர்ப் பக்கத்தில்தான். அங்கே க்ருவா ரூஸ் குன்றில் நெசவாளர் வீடுகளுக்குக் கூரை மிக உயரமாக இருக்கும். ஜக்கார்டு தறி உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். துளையிட்ட அட்டைகளை வைத்து நெய்யும் அந்த ஜக்கார்டுதான் பின்னாளில் நம் காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலும் ஏறி உட்கார்ந்தது. 1831இல் அந்த நெசவாளர்கள் துண்டுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். ஒப்புக்கொண்ட கூலியைத் தர வணிகர்களில் பலர் மறுத்தபோது, “உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்” என்று கறுப்புக் கொடியில் எழுதிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினார்கள். 1834இல் மறுபடியும் எழுந்தார்கள், ராணுவம் அடக்கியது. அந்த ஊர்க் கைவேலையை மலிவாக எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலையைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவதற்கும் மனம் வரவில்லை.

ஓவியர்களையும் நினைத்துப் பாருங்கள். கெர்மிட் ஆலிவர் என்ற கறுப்பின ஓவியர் டெக்சஸில் வேகோ நகரத் தபால் நிலையத்தில் இரவெல்லாம் கடிதம் பிரித்துக்கொண்டே இந்த நிறுவனத்துக்கு ஸ்கார்ஃப் வரைந்தவர். அன்னி ஃபெவ்ர் தன் ஓவியங்களில் எங்காவது ஒரு குரங்கை ஒளித்துவைப்பார். என் தங்கை மகள் என் மடியில் உட்கார்ந்து இலைகளுக்கும் பறவைகளுக்கும் இடையே அந்தக் குரங்கைத் தேடிக் கண்டுபிடித்துக் கைதட்டினாள். பெட்டிக்குள் கிடந்தால் அந்தக் குரங்கை யார் தேடுவது?

பூட்டி வைத்தால் பட்டு பத்திரமாக இருக்கும் என்பதும் தவறு. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் மடித்த கோட்டிலேயே இற்றுவிடும். இதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டுப்புடவைகளை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைப்பாள். நானும் அதையேதான் செய்கிறேன். கூடவே ஒன்று: வாசனைத் திரவியத்தைப் பூசிக் காய்ந்த பிறகே ஸ்கார்ஃபைக் கட்டுங்கள். அது ஈரமாகப் பட்ட இடத்தில் கறை நின்றுவிடும்.

கறை இருக்கிறதே என்று தயங்காதீர்கள். முக்கோணமாக மடித்து முடிச்சுப் போட்டால் கறை உள்ளே போய்விடும். பருத்திப் புடவையில் தோளைச் சுற்றிப் போடுங்கள். கைப்பையின் பிடியில் சுற்றுங்கள். மழைக்குத் தலையில் மட்டும் கட்டாதீர்கள், தண்ணீர் பட்டால் பழைய சாயம் இறங்கக்கூடும்.

அந்த நசுங்கிய ‘பிரீத் த காலா’வை நான் தூக்கிப் போடவில்லை. குளிர்கால இரவுகளில், விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம் பழைய தையலைப் பிரித்து, விரல் நுனியை லேசாக ஈரப்படுத்தி, மறுபடி சுருட்டித் தைத்துவருகிறேன். இரண்டு பக்கம் முடிந்திருக்கிறது. என் தையல் சற்று நீளம், அந்தப் பெண்ணுடையது கடுகளவு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் இப்போது ஊசி நிற்கிறது. நாளை காலை அலுவலகத்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போகப் போகிறேன், ஊசியை மட்டும் எடுத்துவிட்டு.