பாதிச் சவரமும் யூலை பதினான்கும்

(திருகோணமலையில், கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய சலூன். ஓய்வுபெற்ற மாஸ்டரின் இடது கன்னம் வழித்தாயிற்று. வலது கன்னத்தில் நுரை காய்கிறது.)

சலூன்காரர்: மாஸ்டர், இன்றைக்கு யூலை 14. பாரிஸில் இருக்கும் என் மகனுக்கு விடுமுறை என்பதால், நானும் கடையைப் பூட்டலாம் என்று யோசிக்கிறேன்.

மாஸ்டர்: பிரான்சில் லீவு என்றால் திருகோணமலையில் ஏன் ஐயா பூட்ட வேண்டும்?

சலூன்காரர்: 1782இல் சுஃப்ரேன் என்ற பிரெஞ்சுத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து நம்முடைய துறைமுகத்தைப் பிடித்தார் என்று, சென்ற கிழமை இதே கதிரையில் இருந்து சொன்னவர் நீங்கள்தானே?

மாஸ்டர்: பிறகு சமாதானம் பேசி ஒல்லாந்தரிடம் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன், அப்போது நீர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தீர். அதோடு, சுஃப்ரேன் வந்த காலத்தில் பிரான்சை ராசாதான் ஆண்டார். இந்த லீவுக்குக் காரணம் வேறு: பாரிஸ் சனங்கள் வெடிமருந்து தேடிப் பஸ்தீல் சிறைக்கோட்டையைப் பிடித்தது 1789 யூலை 14இல்.

சலூன்காரர்: உள்ளே ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள்.

மாஸ்டர்: மொத்தமே ஏழு பேர்! கள்ளப் பத்திரம் செய்த நால்வர், புத்தி பேதலித்த இருவர், சொந்தக் குடும்பமே அடைத்து வைக்கச் சொன்ன ஒரு பிரபு.

சலூன்காரர்: சனிக்கிழமைகளில் இந்த வாங்கில் அதைவிடக் கூடுதலானோர் அடைபட்டிருக்கிறார்கள்.

மாஸ்டர்: கேளும். அடுத்த வருடம் அதே திகதியில் ராசாவும் சனங்களும் கூடிச் சத்தியம் செய்து ஒற்றுமை விழா எடுத்தார்கள். 1880இல் அந்த நாளைத் தேசிய நாளாக்கச் சட்டம் வந்தபோது, இரத்தம் சிந்திய 1789ஐ விரும்பாதவர்களும் சபையில் இருந்தபடியால், எந்த ஆண்டின் யூலை 14 என்று சட்டத்தில் எழுதாமலே விட்டுவிட்டார்கள்.

சலூன்காரர்: எங்கள் கோயில் நிர்வாகசபைத் தீர்மானம் போலல்லவா இருக்கிறது! இரண்டு பகுதியும் தாங்களே வென்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அது சரி, மகன் நேற்றிரவு தீயணைப்பு நிலையத்தில் நின்றதாகச் சொன்னான். நெருப்புப் பிடித்துவிட்டதாக நினைத்து, மனிசி கோணேசருக்கு நேர்த்தியும் வைத்துவிட்டாள்.

மாஸ்டர்: ஆடப் போயிருப்பான். 13ஆம், 14ஆம் திகதி இரவுகளில் தீயணைப்பு வீரர்கள் தங்கள் நிலையங்களைத் திறந்து, ஊர்ச் சனத்துக்கு நடனம் வைப்பது அங்கே வழக்கம்.

சலூன்காரர்: அப்படியானால் நேர்த்திக் காசு மிச்சம்.

மாஸ்டர்: கோணேசரிடம் அந்தக் கணக்குச் சரிவராது. முதலில் வலது கன்னத்தை முடியும்.

சலூன்காரர்: (போர்த்திய துணியை உதறிக்கொண்டு) பூட்டுகிற நேரமாகிவிட்டது, மாஸ்டர். மீதியைப் பதினைந்தாம் திகதி வழித்துத் தருகிறேன். எந்த மாதம் என்று மட்டும், அந்தச் சட்டத்தைப் போல, நானும் சொல்லாமல் விடுகிறேன்.