400 ராண்டுக்கு 16 டெராபைட்டா? அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. 400 ராண்டுக்கு 16 டெராபைட் (சுமார் 16,000 ஜிபி) எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க், கிடைக்கிறதாம். அசையும் பாகம் இல்லாததால் பழுதாகவே ஆகாதாம். காவடிப் படங்கள், கொள்ளுத் தாத்தாவின் கப்பல் பதிவு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாம்.

இரண்டும் தவறு. அந்த விலைக்கு அவ்வளவு கொள்ளளவு வரவே வராது. இப்படி விற்கும் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரு சின்ன மெமரி கார்டுதான். கணினியிடம் பொய்க் கணக்குச் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை (கார்டை இயக்கும் சிப்பை) மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவது போலவே தெரியும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் படம் இருக்காது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் கொடுமை.

நீங்களே சோதிக்கலாம். அதற்கான மென்பொருள்: விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw); மேக், லினக்ஸ் கணினிகளில் எஃப்3 (F3). இரண்டும் இலவசம்; டிஸ்க் நிரம்ப எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். காலி டிஸ்கில் செய்யுங்கள், நேரம் பிடிக்கும்.

சரி, அசல் எஸ்எஸ்டி? அதுவும் பழுதாகும். சிப் துறைக்குத் தரவிதி வகுக்கும் ஜெடெக் (JEDEC) அமைப்பின் விதிப்படி, எழுதும் ஆயுள் தீர்ந்த (எழுதி எழுதித் தேய்ந்த) சாதாரண எஸ்எஸ்டி மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தாலே போதும். அலமாரியில் பூட்டி மறந்துவிட அது ஏற்றதல்ல. உத்தரவாதம் தரும் கடையில் சாதாரண ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பில்லைத் தேடி எடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.