வாட் கூடினால் செடி செழிக்குமா?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “செடி வைத்த மீன் தொட்டிக்கு லிட்டருக்கு 1 வாட் விளக்கு கட்டாயம், எல்இடிக்கும் இதே கணக்கு.”

தவறு. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம், தரும் வெளிச்சம் அல்ல. அந்தக் கணக்கு டியூப்லைட் காலத்தது. பழைய 40 வாட் டியூப் தந்த வெளிச்சத்தை 20 வாட் எல்இடி ஏறக்குறைய தந்துவிடும். விளக்கின் அட்டையில் லூமென் (வெளிச்சத்தின் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். நிறம் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை, போதும்.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற நீர்ச்செடிகள் எல்லாம் மங்கிய வெளிச்சத்திலேயே வளரும். அவற்றுக்குப் போய்ப் பெரிய விளக்கு வாங்குவது தண்டச் செலவு. கார்பன் டை ஆக்சைடும் உரமும் ஈடுகொடுக்காத தொட்டியில் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால், செடியை முந்திக்கொண்டு பாசிதான் பிடிக்கும். புது விளக்கை தினம் 6 மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள்; பாசி வராவிட்டால் அப்புறம் 8 வரை கூட்டலாம்.