எத்தனை பொலிஸ் என்று கேட்பதை விடுவோம்

பிரித்தானியாவில் எந்தக் கட்சிக்காரர் பொலிஸைப் பற்றி வாய் திறந்தாலும் கடைசியில் ஒரு தலைக்கணக்கில்தான் வந்து நிற்பார். போன அரசு 20,000 என்றது. இந்த அரசு 13,000 என்கிறது. ஐரிஷ் கடலைத் தாண்டினால் அயர்லாந்துக் குடியரசுக்கு 15,000, வட அயர்லாந்துக்கு 7,500. ஏலம் கேட்பது போலத்தான் இருக்கிறது. எனக்கு இந்தக் கணக்குகளில் நம்பிக்கை போய்க் கனகாலம். ஏன் என்று கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் அந்த 20,000. 2010-இல் வந்த கூட்டணி அரசு சிக்கனம் என்ற பெயரில் செலவை வெட்டத் தொடங்கியது. அப்போது உள்துறை அமைச்சர் தெரசா மே. அடுத்த ஏழெட்டு வருடத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 20,000 உத்தியோகத்தர்கள் குறைந்தார்கள். 2019-இல் போரிஸ் ஜோன்சன் வந்து, மூன்று வருடத்தில் 20,000 பேரை எடுக்கப் போகிறோம் என்று பெரிதாக அறிவித்தார். அதே கட்சி வெட்டியது, அதே கட்சி திரும்ப எடுத்தது, அதற்குக் கைதட்டலும் கேட்டது! 2023 மார்ச்சுக்குள் சொன்னதைவிடக் கூடவே எடுத்தும் விட்டார்கள். கணக்கு நேராகிவிட்டது.

போனவர்கள் யார், வந்தவர்கள் யார் என்று பாருங்கள். இங்கே பொலிஸ் உத்தியோகத்தரைச் சாதாரண வேலையாள் போல ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் புதிய ஆட்சேர்ப்பை நிறுத்தினார்கள். 30 வருட சேவை முடித்தவர்களைச் சில படைகள் கட்டாய ஓய்வில் அனுப்பின. ஒரு ஊரின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பிறகு அவசர அவசரமாக எடுத்ததில், 2023 அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஐந்து வருட சேவைகூட இல்லாதவர்கள். நேற்று வந்த பிள்ளைக்கு முந்தாநாள் வந்த பிள்ளை வேலை பழக்குகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பழக்குவதற்கு ஆளில்லாமல் செய்தது யார் என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு கூத்தும் நடந்தது. உத்தியோகத்தர் எண்ணிக்கை இலக்குக்குக் கீழே போனால் அரசு தரும் பணத்தில் வெட்டு விழும் என்ற நிலை இருந்தது. அதனால் எண்ணிக்கையைக் காப்பாற்ற, சீருடை இல்லாத அலுவலக ஊழியர்கள் செய்த வேலைகளில் படைகள் உத்தியோகத்தர்களை உட்கார்த்தின. கைது செய்யும் முழு அதிகாரம் இல்லாவிட்டாலும் தெருவில் நடந்து திரிந்து ஆட்களோடு கதைக்கிற பி.சி.எஸ்.ஓ. என்ற துணைப் பொலிஸார் 2010-இல் 16,000-க்கு மேல் இருந்தார்கள். இப்போது அதில் பாதியும் இல்லை. 20,000 கணக்கில் இவர்கள் சேர்த்தியில்லை, ஆகவே யாருக்கும் கவலையில்லை.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லண்டனைச் சுற்றி மூலைக்கடையும் பெற்றோல் நிலையமும் நடத்தும் தமிழர்கள் எத்தனை பேர்! எனக்குத் தெரிந்த ஒரு அண்ணா சின்ன நகரம் ஒன்றில் கடை வைத்திருக்கிறார். கோப்பிப் போத்தல், சீஸ், உடுப்புத் தோய்க்கிற வில்லைகள், எல்லாம் இப்போது கவுண்டருக்குப் பின்னால். முன் தட்டில் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். முன்பு அந்தத் தெருவுக்கு ஒரு பி.சி.எஸ்.ஓ. பெண் வருவாராம். எந்தப் பொடியன் எந்த வீடு என்று அவருக்குத் தெரியும், தாய்மாரைக்கூடத் தெரியும். அவர் போனபின் வேறு ஆள் வரவில்லை. போன முறை களவு போனபோது முறைப்பாடு செய்தார், சிசிடிவி படமும் அனுப்பினார். "நம்பர் தந்தவை தம்பி, ஆள் வரேல்லை" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், பழகிவிட்டது.

200 பவுணுக்குக் கீழே எடுத்தால் பொலிஸ் வராது என்பது கள்ளருக்கும் தெரிந்த கதை. 2014 சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 200 பவுணுக்குக் குறைந்த கடைத் திருட்டைச் சின்ன நீதிமன்றத்தோடு முடிக்கிற வகையில் தரம் இறக்கியது, அவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் அது ஒரு அனுமதிச்சீட்டு ஆகிவிட்டது. 2024-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான கடைத் திருட்டுகள் ஐந்து லட்சத்தைத் தாண்டின. 2025-இல் பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலம் அந்த 200 பவுண் எல்லையை எடுக்கிறது, கடை ஊழியரைத் தாக்குவதைத் தனிக் குற்றமாக்குகிறது. ஸ்கொட்லாந்து இரண்டாவதை 2021-இலேயே செய்துவிட்டது. நல்ல விஷயம்தான். சட்டத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வர ஒரு ஆள் வேண்டுமே.

எண்ணிக்கை வெறியில் வாசலில் யாரை உள்ளே விடுகிறோம் என்பதும் கவனிப்பாரற்றுப் போனது. 2021 மார்ச்சில் சாரா எவரார்ட் என்ற பெண்ணைக் கடத்திக் கொன்றது அப்போது லண்டன் பொலிஸில் வேலை பார்த்த ஒருவர். கிளிஃப் மிச்செல் என்பவர் மேல் 2017-இலேயே பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு இருந்தது. அப்படியும் 2021-இல் லண்டன் பொலிஸில் சேர்ந்தார், 2024-இல் ஆயுள் தண்டனை பெற்றார். லண்டன் பொலிஸை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கை 2023-இல் வந்தது, அது லண்டன் பொலிஸில் இனவாதமும் பெண் வெறுப்பும் தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பும் நிறுவனமளவில் ஊறியிருக்கின்றன என்றது. இதில் பெரிய கொடுமை, பின்னணிச் சோதனையில் தேறாதவரை வேலையை விட்டு நீக்க நினைத்தாலும் முடியவில்லை. 2025 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த வழிமுறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கொமிஷனர் மார்க் ரோலி வெளிப்படையாகவே கொதித்தார். அதற்குப் பிறகுதான் அரசு விதிகளை மாற்றியது. இந்த விஷயத்தில் நான் ரோலியின் பக்கம்.

படைகளை இணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸின் 43 படைகளைக் குறைக்க 2006-லேயே முயன்று கைவிட்டார்கள், இப்போது திரும்பவும் அந்தப் பேச்சு. ஸ்கொட்லாந்து 2013 ஏப்ரலில் எட்டுப் படைகளை ஒன்றாக்கியது. அங்கேயும் ஒரு மந்திர எண்: 17,234. உத்தியோகத்தர் தொகை அதற்குக் கீழே போகக் கூடாது என்று அரசியல் வாக்குறுதி. காசும் மிச்சப்படுத்த வேண்டும், அந்த எண்ணையும் தொடக் கூடாது. ஆகவே வெட்டு அலுவலக ஊழியர்கள் மேல் விழுந்தது, அவர்கள் இடத்தை உத்தியோகத்தர்கள் நிரப்பினார்கள். 2015 யூலையில் எம்9 நெடுஞ்சாலை ஓரம் ஒரு கார் விழுந்து கிடப்பதாக ஒருவர் அழைத்துச் சொன்னார். அழைப்பை எடுத்தவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். தகவல் கணினியில் ஏறவேயில்லை. மூன்று நாள் கழித்துத்தான் போய்ப் பார்த்தார்கள். காரில் இருந்த இருவரில் ஒருவர் இறந்து கிடந்தார். மற்றவருக்கு அப்போதும் உயிர் இருந்தது, பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார். 2021-இல் ஸ்கொட்லாந்து பொலிஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 100,000 பவுண் அபராதம்.

வட அயர்லாந்தில் நடந்தது இதைவிட விசித்திரம். 2023 ஓகஸ்டில் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டது, ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும்தான். பதிலாகப் போன எக்ஸெல் கோப்பில் கண்ணுக்குப் படாத இன்னொரு தாள் இருந்தது. அதில் 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, தரம், வேலை செய்யும் இடம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அது இணையத்தில் கிடந்தது. மற்ற இடத்தில் இது வெறும் அலுவலகப் பிழை. அங்கே பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துப் பொலிஸ்காரரின் காருக்குக் கீழே குண்டு வைக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே வருடம் பெப்ரவரியில்தான் ஓமா என்ற ஊரில் ஒரு துப்பறியும் அதிகாரியைப் பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் சுட்டார்கள், உயிர் தப்பியது அதிர்ஷ்டம். தாங்கள் பொலிஸில் இருப்பதைச் சொந்த வீட்டாரிடமே மறைத்து வாழும் கத்தோலிக்க உத்தியோகத்தர்கள் அங்கே உண்டு. தலைமை அதிகாரி சைமன் பைர்ன் அடுத்த மாதமே விலகினார். அபராதம் 750,000 பவுண். அங்கே பொலிஸைச் சீரமைக்க அமைத்த பட்டன் ஆணைக்குழு 1999-இல் சொன்ன 7,500 பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது 6,300 பேர் அளவில். இந்த நிலையில் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

தெற்கே அயர்லாந்துக் குடியரசில் கார்டா என்கிற பொலிஸ் பெரும்பாலும் துப்பாக்கி இல்லாமல் நடக்கிற படை, 1922-இலிருந்து அப்படித்தான். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. 2023 நவம்பர் 23 இரவு டப்ளினில் கலவரம் வெடித்து பஸ்ஸும் டிராமும் பொலிஸ் வாகனங்களும் எரிந்தபோது ஆள் போதவில்லை என்ற கூச்சல் எழுந்தது, நியாயம்தான். பயிற்சிக்காலப் படியை வாரம் 305 யூரோவாக்கினார்கள், சேரும் வயதெல்லையை 35-இலிருந்து 50 ஆக்கினார்கள். வயதெல்லையை உயர்த்தியது நல்ல யோசனை என்பேன், வாழ்க்கை தெரிந்த ஆட்கள் வருவார்கள். 2025 ஏப்ரலில் மேற்பார்வை அமைப்புகளையும் மாற்றினார்கள், பொலிஸ் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க ஃபிஸ்ரூ என்ற அமைப்பு வந்திருக்கிறது. ஆனால் 2023-இல் சாதாரண கார்டாக்களின் சங்கம் அப்போதைய கொமிஷனர் மேல் நம்பிக்கையில்லை என்று 98 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்ததே, அந்தக் கசப்பு ஆட்சேர்ப்பு விளம்பரத்தால் போகாது.

திரும்பவும் இங்கே. லேபர் அரசு 13,000 பேரை அக்கம்பக்கப் பொலிஸுக்கு என்று உறுதியளித்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் சொல்லித் தொடர்புகொள்ளக்கூடிய உத்தியோகத்தர் ஒருவர் என்ற திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. படைகளை மேற்பார்வை செய்ய மக்கள் தேர்ந்தெடுக்கும், முதல் தேர்தலில் 15 சதவீதம் அளவிலேயே வாக்களித்த பொலிஸ் ஆணையாளர் பதவிகளை 2028 மேயோடு ஒழிப்பதும் சரி, யாரும் அழப் போவதில்லை. ஆனால் அந்தப் பெயர் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது? சனிக்கிழமை ஊர்வலத்துக்கும் வேறு நகரத்துக்கும் அவரை எத்தனை நாள் இழுத்துக்கொண்டு போகிறார்கள்? இந்த இரண்டையும் பகுதி வாரியாக ஒவ்வொரு காலாண்டும் வெளியிடச் சொல்லுங்கள். உங்கள் பகுதி உத்தியோகத்தரின் பெயர் பொலிஸ் இணையத்தளத்தில் இருக்கும், அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். அவர்கள் ஊர்மக்களோடு நடத்தும் கூட்டத் தேதியும் அங்கேயே போட்டிருப்பார்கள். கடை வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.