டான் நியூகம்பின் 149 வெற்றிகள்

அமெரிக்க பேஸ்பால் வீரர் டான் நியூகம்பைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம்தான். ஆனாலும் இவருக்கு நடந்தது அநியாயம் என்பது புரிய அந்த ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியைப் பந்து வீசும் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள். 1951இல், அமெரிக்காவின் உச்ச மட்டப் போட்டியான பெரிய லீகில் (மேஜர் லீக்) ஒரே பருவத்தில் 20 வெற்றி கண்ட முதல் கறுப்பின பிட்சர் நியூகம்ப். 1956இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக 27 வெற்றி, 7 தோல்வி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது தொடங்கியதே அந்த ஆண்டுதான், முதலில் வாங்கியவரும் இவர்தான். 2019இல் 92 வயதில் இறக்கும்வரை, தலைசிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இவருக்கு இடம் கொடுக்கவில்லை.

மொத்தம் 149 வெற்றிதானே என்பார்கள். பதினேழு பதினெட்டு வயதில் கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீகில் நியூவர்க் ஈகிள்ஸ் அணிக்கு வீசியது அந்த எண்ணில் இல்லை. 1946இல் டாட்ஜர்ஸ் ஒப்பந்தம் செய்தும் பெரிய லீகில் கால் வைக்க 1949 மே மாதம் ஆனது. கை நன்றாகப் பேசும் வயதில் 1952, 53 இரண்டு பருவமும் ராணுவத்தில் போயின.

இதைவிட எனக்குக் கோபம் வருவது, 'பெரிய ஆட்டமென்றால் சொதப்பிவிடுவார்' என்று அவர்மேல் குத்திய முத்திரைதான். 1949 உலகத் தொடரின் (பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) முதல் ஆட்டத்தில் 11 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார்; தவறான பந்துகள் வீசி ஒருவருக்கும் இலவசமாக பேஸ் கொடுக்கவில்லை. கடைசி இன்னிங்ஸில் எதிரணியான யாங்கீஸின் டாமி ஹென்ரிச் ஒரே ஒரு ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி) அடிக்க, 1-0 தோல்வி. ஒரு ரன்கூட எடுக்காத சக வீரர்களை யார் கேட்டார்கள்? 1951 பருவ முடிவில் ஐந்தே நாளில் மூன்று ஆட்டங்கள், 23 இன்னிங்ஸ் வீசினார்; ஒரு முழு ஆட்டமே ஒன்பது இன்னிங்ஸ்தான். சொதப்புகிற ஆளை நம்பி எந்த அணியாவது இப்படிப் பந்தைக் கொடுக்குமா?

1956 உலகத் தொடரில் அவர் மோசமாக வீசியது உண்மை. ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸின் யோகி பெர்ரா இவர் பந்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். ஆனால் 27 வெற்றியை மறந்துவிட்டு அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

குடி அவர் ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டது. உலகத் தொடர் வென்ற மோதிரத்தையே அடகு வைக்கும் நிலைக்கு வந்தார். அதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1960களின் பிற்பாதியில் குடியை விட்டவர், பிறகு டாட்ஜர்ஸ் அமைப்பிலேயே வேலை பார்த்துக்கொண்டு, குடியில் சிக்கிய மற்ற வீரர்களை மீட்க அலைந்தார். டாட்ஜர்ஸ் வீரராக இருந்த மோரி வில்ஸ் மீண்டு வரத் துணை நின்றவர் இவர்தான்.

ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பழைய வீரர்களைப் பரிசீலிக்கும் குழு அடுத்து கூடும்போது அந்த 149ஐ மட்டும் பார்க்காமல், அவர் வீச முடியாமல் போன ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கட்டும். அவர் பிள்ளைகள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.